பொதுச் சுவர்

மே 3

சமையலறைச் சுவரில் ஒரு கீறல் விட்டிருக்கிறது. மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் ஆரம்பித்து, செங்கல் செங்கலாகப் படியேறி, பரணுக்கு அடியில் போய் நிற்கிறது. ஊதுபத்திக் குச்சியை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "தேதி போட்டு எழுதி வைம்மா, வளருதான்னு தெரியணும்" என்றான். பேங்கில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன்.

சுவர் எங்களுடையது மட்டுமில்லை. கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டில் மனை வாங்கி, இரண்டு மகன்களுக்கும் இரண்டு வீடு கட்டியவர் என் மாமனார். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நம்பி, நடுவில் ஒரே சுவரை வைத்து மற்றொன்றை மிச்சம் பிடித்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இவருடைய தம்பி பெண்டாட்டி இருக்கிறாள். தம்பி தவறிப்போய் மூன்று வருஷமாகிறது. அவளும் நானும் பேசி அதற்கும் முன்னால் மூன்று வருஷமாகிறது. அவள் பெயரை இந்த டைரியில் எழுதுவதாக இல்லை.

காரணம் அம்மி. மாமியார் போன பிறகு சாமான் பிரித்தபோது அம்மி எனக்கு வேண்டும் என்றேன். அவளும் வேண்டும் என்றாள். சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, அம்மி அவளுக்கு, குழவி எனக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். இன்று இரண்டு வீட்டிலும் மிக்ஸிதான் ஓடுகிறது. குழவி எங்கேயோ கிடக்கிறது. நான் தேடவில்லை.

மே 9

பென்சில் நுழைகிறது. அவள் அந்தப் பக்கம் எதையாவது போட்டு இடித்துக்கொண்டே இருப்பாள், அதனால்தான் இது. இவரிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் மில்லில் தறிச் சத்தத்திலேயே நின்றவர், காது போய்விட்டது. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். சுவர் வெடிக்கிறது என்றேன். சரி என்றார்.

மே 17

டப்பாவை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், கீறல் வழியாக வெளிச்சம் தெரிகிறது. சுவர் முழுக்க வெடித்துவிட்டது. அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனை என் சமையலறைக்குள் வருகிறது. என்ன அநியாயம். அதிலும் உப்பு தூக்கல் என்று வாசனையிலேயே தெரிகிறது. அவள் எப்போதும் அப்படித்தான் போடுவாள். இருமல் சத்தமும் கேட்டது. வறட்டு இருமல், ஒரு மாதமாவது ஆகியிருக்கும். எனக்கென்ன.

மே 24

புழக்கடை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. நான் பிறந்தது தென்காசிப் பக்கம், செம்மண் பூமி. எங்கள் ஊர் மண் மண்ணாக இருக்கும். இந்தக் கரிசல் வெயிலுக்கு வாயைப் பிளக்கும், மழைக்கு உப்பும். சுவர் வெடிப்பது இந்த வெடிப்பினால்தான் என்று கண்டுபிடித்து, உடைந்த செங்கல் ஒரு வண்டி இறக்கி, வெடிப்பில் எல்லாம் நிரப்பி, இடித்து இறுக்கி, மேலே சிமெண்டும் பூசச் சொன்னேன். ஆள் வேலை முடித்துப் போனதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கேட்டியா கேஸ் அடுப்பே, கரிசல் வெடிப்பப் போய் சிமெண்டு வச்சு அடைக்காகளாம். மழ பெஞ்சா மண்ணு பொங்குமே, பொங்குறதுக்கு எடம் வேண்டாமா? எடம் இல்லன்னா வீட்டத்தான தூக்கும்?"

முகம் பார்த்துப் பேசாதவர்கள் ஆடு மாட்டையோ சட்டி பானையையோ பார்த்து ஜாடை பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம்தான். எனக்கும் தெரியும். என் குக்கரைப் பார்த்தேன்.

"ஏ குக்கரே, அடுத்த வீட்டு வேலையில மூக்க நுழைக்கிறவங்க மொதல்ல இருமலுக்கு ஒரு கசாயம் வச்சுக் குடிக்கட்டும். சித்தரத்தையும் மிளகும் தட்டிப் போடணும். அது கூடவா ஒருத்தர் சொல்லணும்?"

இது அவளோடு பேசியதாகாது. நான் குக்கரிடம் சொன்னேன்.

மே 25

சித்தரத்தை வாசனை வந்தது.

ஜூன் 6

குக்கரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7

காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். அடுப்புக்கு ஊர் விஷயம் எல்லாம் தெரிந்திருக்கிறது. ரேஷன் கடையில் புதுப்பையன் வந்திருக்கிறானாம். மேலத் தெரு மருமகள் கோபித்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம். சிரித்துச் சிரித்துப் பால் பொங்கிவிட்டது. இவர் வந்து பார்த்தார். எதற்குத் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்பார் என்று பயந்தேன். பொங்கிய பாலைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 19

விரல் நுனி நுழைகிறது. மகனிடம் பென்சில் அளவுதான் என்று சொல்லி வைத்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை, எதற்குக் கவலைப்பட வேண்டும்.

இன்று அடுப்பு ஒரு விஷயம் சொன்னது. "மக பெங்களூருக்கு வந்துரு வந்துருங்கா. ஒத்தையில எதுக்குக் கெடக்க, வீட்ட வித்துப்போடுன்னு தெனமும் போனு. நானும் என்ன சொல்லிச் சமாளிக்க? இங்க யாரு இருக்கா, எதுக்கு இருக்கணும்னு கேக்கா. பதில் தெரியலையே எனக்கு."

குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம், அதுதான்.

ஜூலை 11

கோடை மழை தவறிப்போய் இப்போது வந்து கொட்டியது. இரண்டு நாள் நல்ல மழை. இன்று காலை பின்கதவு திறக்கவில்லை. நிலையே கோணி நிற்கிறது. நடைத் தளம் நடுவில் கூன் போட்டிருக்கிறது. நான் சிமெண்டு பூசிய இடமெல்லாம் உப்பி, செங்கல் துண்டுகள் பல் மாதிரி வெளியே தெரிகின்றன. மண்ணுக்குப் பொங்க இடமில்லை, வீட்டைத் தூக்கிவிட்டது. சுவர் வெடிப்பில் இரண்டு விரல் போகிறது.

அடுப்பு "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூலை 20

மகன் ஒரு இன்ஜினியர் பெண்ணை அனுப்பியிருந்தான். சுபாஷிணி என்று பெயர். பேண்ட் போட்டு, பூட்ஸ் போட்டு, வந்ததும் வராததுமாகப் புழக்கடையில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்து மண்ணை எடுத்து உடைத்துக் காட்டியது. சுக்கு மாதிரி இருந்தது. பிறகு அந்த வீட்டுக்குப் போய் ஒரு பிடி கொண்டுவந்தது. மாவு மாதிரி கையில் ஒட்டியது.

"ஆன்ட்டி, ஒரே சுவரு. இந்தப் பக்கம் காஞ்சு சுருங்குது, அந்தப் பக்கம் ஊறி உப்புது. நடுவுல நிக்கிற சுவரு என்ன பண்ணும்? ஆமா, அவங்க கிச்சன் தண்ணி எங்க போகுது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்க புழக்கடை வழியா தெருவுக்குப் போற மாதிரிதான பழைய வாய்க்கால் இருக்கு. ஆனா தண்ணி வெளிய வரல. சுவரடியிலயே தேங்குது. ஒரு ஆறு வருஷமா தேங்கியிருக்கும்போல. நடுவுல எங்கயோ அடைப்பு."

"எலியாயிருக்கும்" என்றேன்.

பிறகு அது என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னது. ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பரணைத் தாங்கும் உத்தரம் நழுவும், இரண்டு வீடும் தங்காது. சுற்றிலும் அஸ்திவாரத்தை ஒட்டிய கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு சரளை போட வேண்டும். இரண்டு வீட்டையும் சேர்த்துச் சுற்றித் தளம் போட்டு, வாய்க்காலைத் திறந்து குழாயில் விட வேண்டும். சுவரைக் கம்பி வைத்துத் தைக்க வேண்டும். பொதுச் சுவர் என்பதால் இரண்டு வீடும் சம்மதிக்க வேண்டும்.

"கோமதி ஆன்ட்டி சரின்னுட்டாங்க. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்பன்னாங்க. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு நாள் பேசிருங்க ஆன்ட்டி."

"அதுக்கென்ன, பேசலாம்" என்றேன். பெயரைச் சொன்னது அந்தப் பெண்தான், நான் எழுதியதாகாது.

ஜூலை 28

ஆடி மாதம். யாராவது வேலை ஆரம்பிப்பார்களா? சுபாஷிணியிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

ஆடி முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் காலண்டரைப் பார்த்துப் போன் போடுகிறது. இவருக்கு ஜாதகத்தில் நேரம் சரியில்லை என்றேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து சரி என்று தலையாட்டினார். அதற்காக நான் வேலையைத் தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தமில்லை. எதையும் நிதானமாகச் செய்ய வேண்டும். அந்தப் பெண்ணே வந்து பரணுக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அடுப்பு இன்று அவியல் வைக்கப் பக்குவம் கேட்டது. அரை மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 27

எழுதக் கை வரவில்லை. காலையில் அவள் அடுப்பிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுப்பேச்சில் பரண் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் காரை பெயர்ந்து விழுந்தது. அவள் அம்மா என்று கத்தினாள். அப்புறம் சத்தமே இல்லை.

"ஏ அடுப்பே" என்று கத்தினேன். "ஏ அடுப்பே, அடி பட்டுச்சா? அடுப்பே, வாயத் தெறந்து சொல்லு."

அந்த நேரத்தில் கூடப் பெயர் வாயில் வரவில்லை பாருங்கள். இவரைப் பிடித்துத் தள்ளினேன். மனிதர் என்ன ஏது என்று தெரியாமலேயே அந்த வீட்டுக்கு ஓடினார். நான் வெடிப்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தூசிதான் தெரிந்தது.

"அடுப்புக்கு ஒண்ணும் ஆகல" என்றது குரல். "தோள்லதான் லேசா. குக்கர அழ வேண்டாம்னு சொல்லு."

நான் அழவில்லை. தூசி கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 28

சுபாஷிணியைக் கூப்பிட்டேன். நாளைக்கே ஆரம்பி என்றேன். நேரம் சரியாயிடுச்சா ஆன்ட்டி என்று கேட்டது. அது கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 10

வீட்டைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். வெளியே போகப் பலகை மேல் நடக்க வேண்டும். அவள் வீட்டுக்கும் அதே பலகைதான். நான் போகும்போது அவள் வருவதில்லை, அவள் போகும்போது நான் வருவதில்லை. எடுத்த கரிசலை லாரியில் ஏற்றிப் போகிறார்கள். அந்த மண்ணும் போய் யார் வீட்டடியில் விழப்போகிறதோ.

செப்டம்பர் 16

வாய்க்காலைத் தோண்டினார்கள். சீனிராஜ் கொத்தனார் குனிந்து, கையை விட்டு, "இந்தா மாட்டிக்கிச்சு" என்று இழுத்தார். வந்தது குழவி. மாமியார் குழவியேதான். ஒரு முனை மூளியாக இருக்கும், எங்கே பார்த்தாலும் தெரியும்.

சுபாஷிணி என்னைப் பார்த்தது. இவர் குழவியைப் பார்த்தார். அவள் தன் புழக்கடைப் படியில் நின்று எல்லாரையும் பார்த்தாள்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றேன்.

"இந்த எலி ஜிம்முக்குப் போகும்போல ஆன்ட்டி" என்றது அந்தப் பெண்.

யாருடையது என்று கொத்தனார் கேட்டார். அம்மி அவள் புழக்கடையில் கிடப்பதைப் பார்த்து, ஜோடியாக இருக்கட்டும் என்று அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். ஆறு வருஷம் கழித்து அம்மி மேல் குழவி உட்கார்ந்திருக்கிறது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியது. இருமலாக இருக்கும்.

அன்று சாயந்திரம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்று கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அடுப்பு, தக்காளி விலையைப் பற்றிப் பேசியது.

அக்டோபர் 4

இன்று சுவரைத் தைத்தார்கள். செங்கல் வரிசையில் காடி வெட்டி, கம்பி சொருகி, கலவை ஏற்றினார்கள். கடைசியாக, பரணுக்கடியில் ஒரு சாண் மட்டும் பாக்கி. கொத்தனார் டீ குடிக்கப் போனார்.

"ஏ குக்கரே" என்றது அடுப்பு. "இனி ஒண்ணும் கேக்காது பாத்துக்க."

"ம்" என்றேன்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. தம்பி செத்த அன்று நான் வாசல் வரை வந்து, உள்ளே வர முடியாமல் கொட்டகைக் காலைப் பிடித்து நின்றதைச் சொல்லியிருக்கலாம். அவள் அன்று என்னைப் பார்த்தாளா என்று கேட்டிருக்கலாம். டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் வந்துவிட்டார்.

"கொழம்புல உப்பக் கொறைக்கச் சொல்லு" என்றேன் அவசரமாக. "பிரஷருக்கு ஆகாது."

பூசி முடித்தார்கள். நல்ல வேலை. கோடு கூடத் தெரியவில்லை.

அக்டோபர் 30

அடைமழை. வீடு அசையவில்லை. எல்லாக் கதவும் ஒரு விரலில் தள்ளினால் சாத்திக்கொள்கிறது. சுபாஷிணி வந்து தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நானும் சந்தோஷம் என்றேன். சத்தமே இல்லாத வீடு.

நவம்பர் 22

குக்கரிடம் பேசினேன். விசில் அடித்தது.

ஜனவரி 15

சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டு, அவள் வீட்டுக்கு என்று இவரிடம் கொடுத்துவிட்டேன். போனவர் ஒரு மணி நேரம் கழித்துக் காலித் தூக்கோடு வந்தார். என்ன சொன்னாள் என்று காதருகில் கத்திக் கேட்டேன்.

"சரி" என்றார்.

பிப்ரவரி 20

சுபாஷிணி கடைசியாக ஒரு தரம் பார்த்துப்போக வந்தது. காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "கோமதி ஆன்ட்டி மக வீட்ட வெலைக்குப் போட்டாச்சாம். அடுத்த மாசம் புரோக்கர் ஆள் கூட்டிட்டு வர்றாராம். வேலை நல்லா பண்ணதால சட்டுனு போயிரும் ஆன்ட்டி. கரிசல்ல வீடு வாங்குறவங்க மொதல்ல பாக்கிறது சுவத்ததான். ஒரு கீறல் இருந்தாலும் ஓடிருவாங்க" என்றது.

அதாவது, வெடித்த வீடாக இருந்திருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். நான் போன் போட்டு, நான் அவசரப்படுத்தி, நான் பணம் கொடுத்து, அவளை பெங்களூருக்கு அனுப்பி வைக்கிறேன். கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 14

வெயில் ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் டப்பாக்களை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன். சுத்தம் செய்யத்தான். ஒன்றுமில்லை. ஊதுபத்தியை வைத்தால் வழுக்கி விழுகிறது.

மார்ச் 21

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

இன்று காலை இவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து, தென்னைக்கு முட்டாக வைத்திருந்த ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். புதுக் குழாய் எங்கள் பக்கம் வந்து விழுகிற இடத்தில், தளத்துக்கு நடுவே ஒரு தொட்டி கட்டி மூடி போட்டிருக்கிறார்கள். அதைத் திறந்து பார்க்கத்தான் போனேன். கல்லை எதற்கு எடுத்துப் போனேன் என்றால், கையில் இருந்தது.

மூடியைத் தள்ளினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தால், அந்தப் பக்கத்துக் குழாய் வாயில், அளவெடுத்துச் செய்தது போல, குழவி.

மூளி முனை என்னைப் பார்த்து இருந்தது. நான் வைக்கவில்லை. எலி என்று சொல்ல இந்த முறை எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மி மேல் இருந்த குழவியை எடுக்கக்கூடியவள் ஒருத்திதான். அந்தத் தோளோடு எப்படித் தூக்கிவந்தாளோ, என் புழக்கடைக்குள் எப்போது வந்தாளோ.

கல்லை அங்கேயே போட்டேன். தொட்டிக்குள் இறங்கிக் குழவியை இழுத்தேன். தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் பீறிக்கொண்டு வந்து, முழங்கால் வரை சேலை நனைந்தது. அப்படியே குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் போய், அவள் வாசலில் நின்றேன். ஏழாவது வருஷம். கதவைத் தட்டக் கை இல்லை. காலால் தட்டினேன்.

திறந்தாள். முன்னை விட மெலிந்திருக்கிறாள். சுவர் வழியாகக் கேட்ட குரலுக்கு இந்த உருவம் சேரவில்லை. சுவர் இல்லாமல் இருவருக்கும் பேச வராது போலிருந்தது. அவள் என் நனைந்த சேலையைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பைப் பார்த்து, கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏ குழவி, வந்ததுதான் வந்துட்ட, வாசல்ல நிக்காத. உள்ள வா. காப்பி போடுதேன்."

நானும் குழவியைப் பார்த்தேன். "ஏ குழவி, புரோக்கர் வாராராமே. வீட்ட விக்காகளாமே."

"நேத்து வந்துட்டுப் போயாச்சுன்னு சொல்லு. புழக்கடையில தண்ணி கட்டி நின்னுச்சா, மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிட்டாரு. பாவம், நல்ல மனுசன். மகளுக்கும் சொல்லியாச்சு, கரிசல் வீடு விலை போகாதாம், நான் இங்கதான் கெடக்கணுமாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த முறை தூசி இல்லை.

உள்ளே போய், புழக்கடையில் கிடந்த அம்மி மேல் குழவியை வைத்தேன். கோமு காப்பி கொண்டுவந்தாள். சீனி ரொம்ப அதிகம். அதை அவளிடம் சொல்லவில்லை, குழவியிடம் சொன்னேன்.